29(2) இலிருந்து 9ஆம் உறுப்புரை வரை: இலங்கையின் மூன்று யாப்புகளில் மத சுதந்திரம்

கிளிநொச்சியான்

இலங்கையின் மூன்று யாப்புகளையும் (1947 சோல்பரி, 1972, 1978) பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி. சோல்பரி யாப்பில் அடிப்படை உரிமை அத்தியாயம் என்று ஒன்றே இல்லை. 29ஆம் பிரிவில் நாலு வரிதான். 1972 இலும் 1978 இலும் சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரம் என்று விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, 29(2) போனதோடு சிறுபான்மையினருக்கான காப்பு போய்விட்டது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, ஏன்? எழுத்தைப் பார்த்தால் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

வழக்கேடு

தம்பி, வாக்கியத்தின் எழுவாய் எது என்று பாருங்கள். 29(1) பாராளுமன்றத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. 29(2) உடனே அந்த அதிகாரத்தில் நாலு துண்டை வெட்டி எடுக்கிறது. (அ) எந்த மதத்தையும் சுதந்திரமாகக் கைக்கொள்வதைத் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ கூடாது. (ஆ) ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத தடையை விதிக்கக் கூடாது. (இ) மற்றவர்களுக்கு இல்லாத சலுகையைக் கொடுக்கக் கூடாது. (ஈ) ஒரு மத அமைப்பின் யாப்பை, அதன் ஆளும் சபையின் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. அந்த அமைப்பு சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டதாக, அதாவது தனிச் சட்ட ஆளாக ஆக்கப்பட்டதாக இருந்தால் சம்மதம் மட்டும் போதாது, வேண்டுகோளே அவர்களிடமிருந்து வரவேண்டும். 29(3): மீறினால் மீறிய அளவுக்கு அந்தச் சட்டம் செல்லாது.

அதாவது இது "உனக்கு இந்த உரிமை உண்டு" என்று பிரசையைப் பார்த்துச் சொல்லும் வசனமே இல்லை. "உனக்கு இந்த அதிகாரம் இல்லை" என்று பாராளுமன்றத்தைப் பார்த்துச் சொல்வது. பொது ஒழுங்கு, தேசிய பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் என்ற விதிவிலக்கு ஒன்றுகூட அதில் இல்லை. சட்டம் நிறைவேறிப் பத்து வருடம் கழித்தும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம்.

1972 இல் இந்த நாலும் போயின. (இ) இருக்கும்வரை ஒரு மதத்துக்கு மட்டும் முதன்மை இடம் என்று சட்டம் எழுதுவது கடினம் என்பதையும் கவனியுங்கள். (ஈ) போனதைப் பற்றித்தான் யாரும் கதைப்பதில்லை. தேவாலயமோ, பள்ளிவாசலோ, ஆதீனமோ, அதன் உள் யாப்பில் அரசு கைவைக்க ஆளும் சபையின் சம்மதம் வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு எந்த யாப்பிலும் திரும்பி வரவில்லை.

பழம்பதிவு

கதை 1947 இல் தொடங்கவில்லை. 1815 மார்ச் 2 கண்டி உடன்படிக்கையின் 5ஆம் வாசகம் பௌத்தம் மீறப்பட முடியாதது என்றும், அதன் சடங்குகள், குருமார், வழிபாட்டிடங்கள் பேணிக் காக்கப்படும் என்றும் சொல்கிறது. "பாதுகாத்தல், பேணுதல்" என்ற சோடி அங்கேயே வந்துவிட்டது. 157 வருடம் கழித்து அதே சோடி 1972 யாப்பின் 6ஆம் பிரிவில் வந்து உட்காருகிறது.

இடையில் 1818 நவம்பர் 21 பிரகடனம் இருக்கிறது. ஆங்கிலேயர் தங்களுக்கு எதிரான ஊவா கிளர்ச்சியை அடக்கிய கையோடு வந்தது. அதன் 16ஆம் வாசகம் பௌத்த குருமாருக்கும் பெரஹரா ஊர்வலங்களுக்கும் முன்னைய மரியாதை உண்டு என்று சொல்லிவிட்டு, மற்ற மதத்தவர் அமைதியாக வழிபடுவதற்கும் அரசின் பாதுகாப்பு மறுக்கப்படாது என்று சேர்க்கிறது. வழிபாட்டிடம் கட்டலாம், ஆனால் தேசாதிபதியின் அனுமதியோடு, தகுந்த இடத்தில். இந்த "அனுமதியோடு கட்டு" என்பதை மனதில் வையுங்கள். 2008 சுற்றுநிருபம் பற்றிப் பேச்சு வந்தால் உதவும்.

மலைச்சாரல்

29(2) ஐக் கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது மலையகத்துக்கு ஒரு நாள்கூட உதவவில்லை. 1948 இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, அதை வைத்து 1949 இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, தோட்டத் தமிழர் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டார்கள். 29(2)(ஆ) இன் கீழ் கோடாக்கன்பிள்ளை வழக்கு அப்போதைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953 இல் தோற்றது. யார் பிரசை என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான அலுவல்தான், சட்டத்தின் எழுத்தில் எந்தச் சமூகத்தின் பேரும் இல்லை, 1949 இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்ள வழியும் இருக்கிறது என்றார்கள். சட்டத்தின் விளைவு யார் தலையில் விழுகிறது என்பதை அவர்கள் எடைபோட்ட விதம் அவ்வளவுதான்.

இன்னொன்று. 1972 இன் 18(1)(ஈ) "ஒவ்வொரு பிரசைக்கும்" மத சுதந்திரம் என்கிறது. பிரசைக்கு மட்டும். இந்தியாவோடு செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் போட்டது 975,000 நாடற்றவர்களை. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. யாப்பு நடைமுறைக்கு வந்த 1972 மே 22 இல் இதில் பெரும்பகுதி இன்னும் நடக்கவில்லை. ஆக அந்தத் தேதியில், இலட்சக்கணக்கான ஆட்களுக்கு மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்துவது யாப்பு காக்கும் உரிமை இல்லை. யாரும் தடுக்கவில்லை என்பது வேறு விசயம்.

கிளிநொச்சியான்

மலைச்சாரல் அக்கா, 1978 இல் அது சரியாகிவிட்டது தானே? 10ஆம் உறுப்புரை "ஆளொவ்வொருவரும்" என்றுதானே தொடங்குகிறது?

மலைச்சாரல்

பாதி சரியானது. 1978 இல் ஒரே உரிமையை இரண்டாக வகுந்தார்கள். மனதுக்குள் நம்புவதும், ஒரு மதத்தை வைத்திருப்பதும், விரும்பிய மதத்தைத் தழுவுவதும் 10ஆம் உறுப்புரையில், எல்லா ஆட்களுக்கும். அதை வெளியே காட்டுவது, அதாவது வழிபாடு, அனுட்டானம், நடைமுறை, போதனை, 14(1)(உ) இல், பிரசைகளுக்கு மட்டும். நாடற்றவர் நம்பலாம், தேர் இழுக்க உரிமை கேட்க முடியாது என்று வரும். அது அவர்களுக்கே உறைத்ததாலோ என்னவோ 14(2) என்று ஒன்றைச் சேர்த்தார்கள். வேறெந்த நாட்டிலும் பிரசை அல்லாதவர், யாப்பு வருமுன்பே இங்கே சட்டப்படி நிரந்தரமாக இருந்தவர் என்றால், 14(1) உரிமைகள் அவருக்கும் உண்டு, பத்து வருடத்துக்கு. காலாவதித் திகதி போட்ட அடிப்படை உரிமை! 1988 செப்டம்பரோடு அது முடிந்தது.

வழக்கேடு

கோடாக்கன்பிள்ளை பற்றிச் சொன்னதில் மறுப்பு இல்லை. 1960 இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961 இன் 8ஆம் இலக்கச் சட்டமும் மிஷன் பாடசாலைகளைச் சுவீகரித்தபோதும் 29(2) அங்கேயேதான் இருந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் பௌத்தர்களின் புனித நாளான போயாவை வார விடுமுறை ஆக்கியபோதும் இருந்தது.

ஆனால் 1964 இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில் பியர்ஸ் பிரபு ஒரு பந்தி எழுதினார். 29(2) இல் உள்ளவை இலங்கைப் பிரசைகள் தமக்குள் உரிமைகளைச் சமன்செய்து கொண்ட ஏற்பாடு, அந்த அடிப்படையில்தான் யாப்பை ஏற்றார்கள், எனவே இந்த யாப்பின் கீழ் மாற்ற முடியாதவை என்ற கருத்தில். அந்த வழக்கு மதத்தைப் பற்றியதே இல்லை, இலஞ்ச நியாயசபை நியமனம் பற்றியது. வழக்குத் தீர்ப்புக்குத் தேவையில்லாமல் போகிற போக்கில் சொன்ன கருத்துத்தான். ஆனால் கொழும்பில் அது இடி மாதிரி விழுந்தது. 29(4) இன்படி மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் யாப்பைத் திருத்தலாம். 1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணிக்கு மூன்றில் இரண்டுக்கு மேலேயே இருந்தது. இருந்தும் பாராளுமன்றத்தில் திருத்தாமல், நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை என்று தனியாகக் கூடினார்கள். பழைய யாப்பின் வழியாகப் போனால் 29(2) குறுக்கே நிற்கும் என்ற பயம் அதில் ஒரு முக்கிய காரணம். கோடாக்கன்பிள்ளை வழக்கில் தோற்ற பிரிவு, ஒரு அரசை வேறு கட்டடத்துக்குப் போக வைத்தது.

அங்கே நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால்: 6ஆம் பிரிவில் பௌத்தத்துக்கு முதன்மை இடம், 18(1)(ஈ) இல் உரிமை, 18(2) இல் தேசிய ஒற்றுமை, தேசிய பொருளாதாரம் என்று தொடங்கி அரச கொள்கைக் கோட்பாடுகளை நடைமுறைப்படுத்துவது வரை நீளும் கட்டுப்பாட்டுப் பட்டியல், நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் தொடக்கூடாது என்ற தடை. சட்டமூலமாக இருக்கும்போது அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போக ஒரு வாரம். "அவசரம்" என்று அமைச்சரவை முத்திரை குத்திவிட்டால் அந்த நீதிமன்றம் 24 மணித்தியாலத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது தம்பி. எழுத்து கூடியது, பூட்டு கழன்றது.

நெல்லைக்காரன்

இந்தியாவிலிருந்து வாசிக்கிறேன். ஒரு சந்தேகம், ஒரு ஒப்பீடு. இலங்கையில் "உயர் நீதிமன்றம்" என்று எழுதுவது எங்கள் சென்னை உயர் நீதிமன்றம் மாதிரியா, அல்லது உச்ச நீதிமன்றமா?

ஒப்பீடு: எங்கள் 25ஆவது பிரிவில் மதத்தை ஏற்கவும், பின்பற்றவும், பரப்பவும் உரிமை உண்டு. அந்தப் "பரப்பவும்" உங்கள் 14(1)(உ) இல் இல்லையே? "போதனை" இருக்கிறது. நடைமுறையில் இரண்டும் ஒன்றுதானா?

சாட்சிக்கூண்டு

ஐயா, இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் உச்சியில் இருப்பது. உங்கள் ஊரில் உயர் நீதிமன்றம் என்பது எங்களுக்கு மேல் நீதிமன்றம். இந்தச் சொல் மாறாட்டத்தால் இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளும் தவறாக எழுதுவது வழக்கம்.

"பரப்புதல்" விசயத்தில்தான் 2003 இல் எல்லாம் உடைந்தது. மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபை கூட்டிணைப்புக்குத் தனிநபர் சட்டமூலம் கொண்டு வந்தது. 3ஆம் வாசகத்தில் நோக்கங்கள்: கத்தோலிக்க மதத்தைப் பற்றிய அறிவைப் பரப்புதல், கூடவே கல்வி, வைத்தியம், அநாதைகள், முதியோர் பராமரிப்பு. சட்டமூலத்தை நிறைவேறுமுன் உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழிதரும் 121ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு பிரசை ஆட்சேபித்தார். சட்டமா அதிபரும் ஆட்சேபனைக்குச் சார்பாக நின்றார். சகோதரிகளுக்கு அறிவித்தலே போகவில்லை. சட்டமூல வழக்கில் சட்டமா அதிபருக்கு அறிவித்தால் போதும் என்பதுதான் நடைமுறை.

தீர்மானம்: யாப்பு பின்பற்றவும் போதிக்கவும் உரிமை தருகிறது, பரப்ப உரிமை தரவில்லை. பொருளுதவியும் மதம் பரப்புதலும் ஒரே அமைப்பின் கையில் சேர்ந்தால், உதவி பெறும் ஏழையின் சுதந்திரமான தெரிவு கெடும், அது 10ஆம் உறுப்புரைக்கு முரண். அதற்கு மேலே போய், கிறிஸ்தவத்தைப் பரப்புவது புத்த சாசனத்தின் இருப்பையே பாதிக்கும் என்று, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரைக்கும் முரண் என்றார்கள். 2001 இலும் 2003 தொடக்கத்திலும் இரண்டு கிறிஸ்தவ சபைகளின் சட்டமூலங்கள் இதே பாதையில் விழுந்திருந்தன. இந்தியாவின் 1977 ஸ்டெயினிஸ்லாஸ் தீர்ப்பையும் துணைக்கு எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீர்ப்பு "பரப்புதல்" என்ற சொல் இருக்கும் யாப்பிலிருந்து வந்தது. பரப்பலாம், ஆனால் மதம் மாற்ற உரிமை இல்லை என்றுதான் அது சொன்னது. இங்கே பரப்புவதற்கே தடை என்று அதை நீட்டிவிட்டார்கள்.

சகோதரிகள் ஐநா மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2005 ஒக்டோபர் 21 இல் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 18, 26ஆம் உறுப்புரைகள் இரண்டும் மீறப்பட்டதாகக் குழு சொன்னது. அடுத்த வருடமே சிங்கராசா வழக்கில், அந்தக் குழுவுக்கு முறைப்பாடு கொடுக்க இலங்கை ஒப்புக்கொண்டதே யாப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

கிளிநொச்சியான்

கூட்டிணைப்பு கிடைக்காவிட்டால் என்ன குறை? வழிபட அது தேவையில்லையே?

சாட்சிக்கூண்டு

வழிபடத் தேவையில்லை. ஆனால் காணி வாங்க, வங்கிக் கணக்குத் திறக்க, வழக்குப் பேச ஒரு சட்ட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் காணி நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் பேரில் நிற்கும். ஒருவர் செத்தால் காணி உறுதிப் பத்திரம் மாற்ற வேண்டும். பிள்ளைகள் உரிமை கொண்டாடினால் அது தனி வழக்கு. அதனால் பல சபைகள் 2007 இன் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிகின்றன. அதில் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், கூட்டம் வைக்கும் இடத்துக்கு "நீங்கள் கம்பனியா, கோயிலா?" என்று பிரதேச சபையில் கேட்கிறார்கள்.

பழம்பதிவு

9ஆம் உறுப்புரை ஒரு பக்கம்தான் வெட்டும் என்று நினைக்க வேண்டாம். 2004 இல் இரண்டு சட்டமூலங்கள். ஒன்று பலவந்த மதமாற்றத் தடை, பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கொண்டு வந்தது. 5 வருடச் சிறை, 150,000 ரூபா தண்டம். மாற்றப்படுபவர் சிறுவர், பெண் போன்ற வகைகளில் வந்தால் 7 வருடம், 500,000 ரூபா. மதம் மாறினால் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற வாசகம் 10ஆம் உறுப்புரைக்கு முரண், சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மற்றது, பௌத்தத்தை அரச மதம் ஆக்கும் யாப்புத் திருத்தம். அதுவும் 9, 10, 14(1)(உ) மூன்றுக்கும் முரண் என்று சொல்லி வாக்கெடுப்புக் கேட்டது. 9ஆம் உறுப்புரையின் பின்பாதி, "எல்லா மதங்களுக்கும் 10 உம் 14(1)(உ) உம் தரும் உரிமைகளை உறுதிப்படுத்தி" என்ற துண்டு, வேலை செய்த ஒரு இடம் அது.

2007 ஒலிபெருக்கி வழக்கையும் சேருங்கள். வெலிகமப் பள்ளிவாசலில் இரண்டு தரப்புக்குள் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய தகராறு. அதை வைத்து எல்லா மதத்துக்கும் சேர்த்து இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு வந்தது. அந்தத் தீர்ப்பில் "இலங்கை மதச்சார்பற்ற நாடு" என்று ஒரு வரி இருக்கிறது. 2003 தீர்மானம், 2007 தீர்ப்பு இரண்டும் சரத் என். சில்வா பிரதம நீதியரசராக இருந்த காலத்தவை.

வழக்கேடு

83ஆம் உறுப்புரையை யாரும் சொல்லவில்லை. பூட்டு எங்கே இருக்கிறது என்று அதில்தான் தெரியும். மூன்றில் இரண்டோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவைப்படும் பட்டியலில் 9 இருக்கிறது, 10 இருக்கிறது, சித்திரவதைக்கு எதிரான 11 இருக்கிறது. 14 இல்லை. ஆக பௌத்தத்தின் முதன்மை இடமும் மனதுக்குள் உள்ள நம்பிக்கையும் இரட்டைப் பூட்டில். வெளியே வழிபடுவது ஒற்றைப் பூட்டில். தவிர 15ஆம் உறுப்புரையின் கட்டுப்பாடுகள் 10 ஐத் தொட முடியாது, 14(1)(உ) ஐ 15(7) இன் கீழ் தொடலாம். மனு எழுதுகிறவர்கள் முடிந்தவரை விசயத்தை 10 க்குள் தள்ளப் பார்ப்பது இதனால்தான்.

கிளிநொச்சியான்

கொவிட் காலத்துக் கட்டாயத் தகனமும் (அடக்கம் செய்யும் முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தது) 15(7) "பொதுச் சுகாதாரம்" கணக்குத்தானே?

சாட்சிக்கூண்டு

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். 15(7) "சட்டத்தால் விதிக்கப்படும்" கட்டுப்பாட்டைத்தான் அனுமதிக்கிறது. 170ஆம் உறுப்புரையில் "சட்டம்" என்றால் பாராளுமன்றச் சட்டம், முன்னைய சட்டமன்றங்களின் சட்டம். ஒழுங்குவிதி அதில் இல்லை. 15(7) தானே ஒரு விதிவிலக்கைச் சேர்க்கிறது, பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் மட்டும். 2020 ஏப்ரல் 11 தகன விதியோ 1897 இன் தடுப்புக்காப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி. வலுவான வாதம். ஆனால் 2020 டிசம்பர் 1 இல் மூவர் ஆயம் பெரும்பான்மையாக, காரணம் எழுதாமல், மேற்கொண்டு விசாரிக்க அனுமதி மறுத்தது. ஆகவே இந்தக் கேள்விக்கு அந்த வழக்கில் பதிலே இல்லை. 2021 பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி மாறியது, ஓட்டமாவடியில் அடக்கினார்கள், 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எல்லாம் நீதிமன்றத்துக்கு வெளியே.

மலைச்சாரல்

அந்தக் கணக்கில் 2008 சுற்றுநிருபம் இன்னும் மோசம். புதிய வழிபாட்டிடம் கட்ட மத விவகார அமைச்சின் அனுமதி வேண்டும் என்பது. சுற்றுநிருபம் ஒழுங்குவிதிகூட இல்லை. அதைக் காட்டித்தானே வீட்டுச் செபக்கூட்டங்களை மூடச் சொல்கிறார்கள்?

வழக்கேடு

ஆம். கட்டுப்பாடு சட்டத்தால் மட்டுமே வரலாம், நிறைவேற்றுத்துறையின் பணிப்புரையால் அல்ல என்று தவநீதன் எதிர் தயானந்த திஸாநாயக்க வழக்கில் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது வாக்குரிமை பற்றியது, தத்துவம் அதேதான். ஆனால் வாதம் சரியாக இருந்தும் மனு விழுவது வேறு இடங்களில்.

முதலாவது நாள் கணக்கு. அடிப்படை உரிமை மனு பற்றிய 126ஆம் உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு. வாயால் "மூடு" என்று சொன்ன அன்றே கணக்கு ஓடத் தொடங்கும். கடிதம் வரட்டும் என்று காத்திருந்து மாதம் கடந்தால் முடிந்தது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், 1996 இன் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவின்படி விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. இங்கே இன்னொரு குழி: முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு மட்டும் காட்டினால் போதாது என்ற தீர்ப்புகள் உண்டு. விசாரணை நடந்ததற்கு ஆணைக்குழுவின் கடிதம் வாங்கி இணையுங்கள்.

இரண்டாவது எதிர்மனுதாரர். 126 நிறைவேற்று, நிருவாகச் செயலுக்கு மட்டும். கல்லெறிந்த கும்பலுக்கு எதிராக அடிப்படை உரிமை மனு நிற்காது. பொலிஸ் வந்து பார்த்துக்கொண்டு நின்றது என்றால், அந்தப் பொறுப்பதிகாரியின் செயலின்மை நிற்கும். முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிந்த திகதி, நேரம், பதிவு இலக்கம் மூன்றும் மனுவில் இருக்க வேண்டும்.

கிளிநொச்சியான்

அப்படியென்றால் 12(3)? தன் மதத்தின் பொது வழிபாட்டிடத்துக்குள் போக சாதி, பால் காரணமாகத் தடை கூடாது என்கிறதே. கோயில் தர்மகர்த்தா அரச அதிகாரி இல்லை.

வழக்கேடு

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 12(3) தனி ஆட்களுக்கும் பொருந்தும் மாதிரி எழுதப்பட்டது, 126 அரசுக்கு எதிராக மட்டும் கதவைத் திறக்கிறது. உரிமை ஒரு அறையில், கதவு இன்னொரு அறையில். ஆகவே கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர் 1957 இன் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் பொலிசுக்குப் போய், அவர்கள் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசத்தின்போது கையில் இருந்ததும் அந்த 1957 சட்டம்தான். பொலிஸ் வழக்குப் போட மறுத்தால், அந்த மறுப்பு நிருவாகச் செயல். அதற்கு எதிராக 126 இன் கீழ் வரலாம், மறுத்த நாளிலிருந்து ஒரு மாதம்.

பழம்பதிவு

ஒரு சின்னத் திருத்தம், இழையை வாசித்து மனு எழுதப் போகிறவர்களுக்காக. தமிழ்ப் பிரதியில் 14(1)(உ) என்பது ஆங்கிலப் பிரதியின் ஐந்தாவது எழுத்து. சிலர் ஆங்கில எழுத்தின் ஓசையைப் பார்த்து 14(1)(இ) என்று தட்டச்சுச் செய்கிறார்கள். 14(1)(இ) ஒன்றுசேரும் சுதந்திரம், சங்கம் அமைக்கும் உரிமை. மனுவில் அப்படி வந்தால் முதல் பக்கத்திலேயே எதிர்த்தரப்பு ஆட்சேபிப்பார்கள்.